ரோகிணிக்கு எதிர்முனையில் ஒரு மங்கல் நட்சத்திரம்

அம்மாவின் நட்சத்திரம் ரோகிணி. திருவிழாவுக்கு அர்ச்சனைத் தட்டோடு போய் நின்றால், ஐயர் கேட்கும் முன்னமே "ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம்" என்று சொல்லிவிடுவது சின்ன வயதிலிருந்து என் வேலை. அப்படிச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன், அந்த ரோகிணி வானத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தது உயர்தரம் எழுதி முடித்த பிறகுதான். ஆனால் இன்றைக்கு எழுத வந்தது ரோகிணியைப் பற்றி இல்லை. அதற்கு எதிர்முனையில், லேசாக மிஸ்ட் இறங்கினாலே காணாமல் போய்விடுகிற இன்னொரு நட்சத்திரத்தைப் பற்றி. மூன்று வருடமாக அதைப் பார்க்கிறேன், அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன், இனி யாரிடமாவது முழுசாகச் சொல்லாவிட்டால் தாங்காது.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைப் பெக்டரியில் எனக்கு இரவு வேலை, டிரையர் அடுப்புப் பக்கம். ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் வரைக்கும் எங்கள் பக்கத்தில் மழை ஓய்ந்து, பகலில் காய்ந்த காற்றும் இரவில் கடுங்குளிருமாக இருக்கும். தேயிலைக்கு நல்ல வாசம் ஏறுவது இந்த மாதங்களில்தான், வானம் கழுவித் துடைத்த மாதிரி இருப்பதும் இந்த மாதங்களில்தான். பெப்ரவரி தொடக்கத்தில் இரவு எட்டு மணிக்கு வேலைக்கு ஏறும் முன் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குச் சற்று வடக்கே தள்ளி, கவட்டைக் கம்பு போல ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டம் தெரியும். பழந்தமிழர் இதைச் சகடம் என்றார்கள், வண்டி என்று அர்த்தம். கவட்டையின் ஒரு நுனியில் செம்மஞ்சளாக எரிவதுதான் ரோகிணி. உலகம் அல்டெபரான் என்று சொல்வது. மற்ற நுனியில், ரோகிணியைவிட ஏறக்குறைய 12 மடங்கு மங்கலாக ஒன்று நிற்கும். அதுதான் நான் சொல்வது. அரபுப் பெயர் அயின், கண் என்று பொருள். ரிஷபத்துக்கு ஒரு கண் ரோகிணி என்றால் மறுகண் இது. வானியல் பட்டியலில் எப்சிலன் டோரி என்று இருக்கும்.

முதலில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது, இந்த இரண்டு கண்ணும் ஒரே முகத்தில் இல்லை என்பது. ரோகிணி நம்மிடமிருந்து 65 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அயின் கிட்டத்தட்ட 150 ஒளியாண்டு. கவட்டையில் இருக்கும் மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் அயினோடு ஒன்றாகப் பிறந்த ஒரே குடும்பம், ஹயாடீஸ் என்று பெயர், நூற்றுக்கணக்கான நட்சத்திரங்கள் அதில் இருக்கின்றன. ரோகிணி அந்தக் குடும்பமே கிடையாது. நமக்கும் அவர்களுக்கும் நடுவில், வழியில் நிற்கிற வேறு ஆள். இத்தனை வருடம் மொத்தக் கூட்டத்தையும் ரோகிணி என்று நினைத்திருந்தேன், அம்மாவுக்கும் அப்படித்தான் காட்டிக் கொடுத்திருந்தேன்.

சரி, மங்கல் என்று சொன்னேன். அந்த மங்கல் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் சூரியனைத் தூக்கிக்கொண்டு போய் அயினுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் ஒளிப்பருமன் 8க்கு மேல் போய்விடும். ஒளிப்பருமன் என்பது பிரகாசத்துக்கு வானியலாளர்கள் கொடுக்கும் எண், எண் கூடக் கூட மங்கல். நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்குத் தெரிகிற எல்லை 6. அதாவது சூரியன் அங்கே இருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, பைனாகுலர் வேண்டும். அந்தத் தூரத்திலிருந்தும் அயின் 3.5 ஒளிப்பருமனில் நம் கண்ணுக்கு வந்து சேருகிறது என்றால், அது சூரியனைப்போல் ஏறக்குறைய 80 மடங்கு ஒளியைக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

தூரம் எப்படித் தெரியும் என்று தம்பி கேட்டான். விரலை முகத்துக்கு முன் நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்தால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும் இல்லையா, அதே கணக்கு. பூமி சூரியனைச் சுற்றும்போது ஆறு மாதத்தில் நாம் நிற்கும் இடம் மாறுகிறது, கிட்ட இருக்கும் நட்சத்திரங்கள் தூரத்து நட்சத்திரங்களுக்கு முன்னால் மிகமிகச் சின்ன அளவு நகர்ந்தது போலத் தெரிகின்றன. மிகமிகச் சின்ன என்றால் எவ்வளவு? நுவரெலியாவில் நின்றுகொண்டு, நேர்கோட்டில் 245 கிலோமீட்டர் தள்ளி மாங்குளத்தில் யாரோ பிடித்திருக்கும் ஒரு அங்குலக் காசின் அகலத்தை அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அயினின் நகர்வைக் குறிக்கும் கோணம் அவ்வளவுதான். அதை 1989இல் ஏவிய ஹிப்பார்கோஸ் செய்மதி அளந்தது. பிறகு 2013இல் போன கையா இதைவிட எத்தனையோ மடங்கு துல்லியமாக கோடிக்கணக்கான நட்சத்திரங்களுக்கு இந்த வேலையைச் செய்தது.

அப்புறம் நிறம். இந்த விஷயத்தில் எனக்குப் பாடப் புத்தகம் தேவைப்படவில்லை, அடுப்பே சொல்லிக் கொடுத்துவிட்டது. டிரையர் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்ததும் உள்ளே கருஞ்சிவப்பாகக் கிடந்தால் விறகு போட வேண்டும் என்று தெரியும், அது 700 பாகை செல்சியஸ் அளவு. செம்மஞ்சளாக ஏறினால் ஆயிரத்தை நெருங்குகிறது. தெர்மோமீற்றரை வெளியே டிரையருக்குப் போகும் காற்றுக்குத்தான் வைத்திருக்கிறார்கள், நெருப்புக்குக் கண்தான் தெர்மோமீற்றர். நட்சத்திரத்துக்கும் அதே சட்டம்தான், எண்கள்தான் பெரிசு. ரோகிணி 3,900 கெல்வின், அதனால் செம்மஞ்சள். சூரியன் 5,772 கெல்வின். அயின் இரண்டுக்கும் நடுவில், சுமார் 4,900 கெல்வின். பைனாகுலரில் பார்த்தால் தேன் கலந்த மஞ்சள் மாதிரி இருக்கும், வெறும் கண்ணுக்கு அந்த நிறம் பிடிபடாது, மங்கல் என்பதால். ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்து அதில் இருக்கும் கருங்கோடுகளைப் பார்த்து வானியலாளர்கள் இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள், ஆனால் அடிப்படை அடுப்புக் கதவுதான்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. ஒளிர்வும் வெப்பநிலையும் தெரிந்தால் போதும், அந்த நட்சத்திரம் எவ்வளவு பெரிசு என்று ஒரு கொப்பித் தாளில் போட்டுவிடலாம். ஒரு பொருளின் ஒவ்வொரு சதுர மீட்டரும் வீசுகிற சக்தி அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும், குறையும். 4,900ஐ 5,772ஆல் பிரித்து நான்கு தரம் பெருக்கிப் பாருங்கள், பாதிக்குச் சற்று மேல் வரும். அதாவது அயினின் ஒரு சதுர மீட்டர், சூரியனின் ஒரு சதுர மீட்டரில் பாதிதான் வெளிச்சம் கொடுக்கிறது. கொடுப்பது பாதி, ஆனால் மொத்தம் 80 மடங்கு. அப்படியென்றால் மேற்பரப்பு கிட்டத்தட்ட 155 மடங்கு இருக்க வேண்டும். வர்க்கமூலம் எடுத்தால் பன்னிரண்டரை. சூரியனைவிடப் பன்னிரண்டரை மடங்கு ஆரை! விட்டம் 1 கோடியே 70 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். இதை நான் விறகுக் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், பென்சில் எழுத்து இன்னும் இருக்கிறது. கலிபோர்னியாவில் வில்சன் மலையில் ஆறு தொலைகாட்டிகளை நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அவற்றின் ஒளியை ஒன்றுசேர்க்கும் சாரா என்ற அமைப்பு இருக்கிறது. ஹயாடீஸின் ராட்சத நட்சத்திரங்களின் வட்டத்தையே அவர்கள் நேராக அளந்திருக்கிறார்கள். கணக்கில் வருவதும் அளவில் வருவதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இவ்வளவு பெரிசு என்றதும் பாரமும் அப்படி இருக்கும் என்று நினைப்போம். இல்லை. திணிவு சூரியனைப்போல் இரண்டரை மடங்குதான். பன்னிரண்டரையை மூன்று தரம் பெருக்கினால் கனவளவு கிட்டத்தட்ட 1,950 மடங்கு, அதற்குள் இரண்டரைச் சூரியனைப் பரப்பி வைத்தால் சராசரி அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ. கடற்கரையில் நாம் மூச்சு விடும் காற்று ஒரு கன மீட்டர் 1.2 கிலோ. சராசரியாகப் பார்த்தால் அந்த நட்சத்திரம் காற்றைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு புகை! நடுவில் இருக்கும் கரு மட்டும் நினைக்க முடியாத அளவுக்கு இறுகிக் கிடக்கிறது, மற்றதெல்லாம் ஊதிப்போன போர்வை.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்க கொண்டு போய் நிறுத்தா என் கூடை எவ்வளவுய்யா நிக்கும்?" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திணிவு இரண்டரை, ஆரையின் வர்க்கம் 156, சூரியனின் ஈர்ப்பில் அறுபதில் ஒரு பங்கு வருகிறது, செக்கனுக்குச் செக்கன் 4.4 மீட்டர். பூமியில் 9.8. நிற்பதற்குத் தரை கிடையாது, எல்லாம் வாயு, ஆனால் அந்த ஒளிரும் மேற்பரப்பின் உயரத்தில் ஒரு வில் தராசைத் தொங்கவிட முடிந்தால், ஒரு பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, வேண்டிய 18 கிலோ கொழுந்து அங்கே 8 கிலோ என்றுதான் காட்டும். "அப்ப அரைப் பேருதான் போடுவாங்க" என்றார் அம்மா. அரைப் பேர் விழுந்த நாட்களில் வீட்டில் எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவர் அதை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குறைந்த ஈர்ப்புக்கு ஒரு விளைவு இருக்கிறது. தன் வெளித்தோலை இறுக்கிப் பிடிக்கும் பலம் அந்த நட்சத்திரத்துக்கு இல்லை. பின்னால் இன்னும் வீங்கும்போது அந்தப் போர்வையை அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் இழந்துவிடும்.

திணிவு இரண்டரை என்று எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பகுதி. பெக்டரியில் ரோலர் சுற்றும்போது பழைய ஆட்கள் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள். கொழுந்து கூடினால் ஒரு சத்தம், குறைந்தால் வேறு சத்தம், வெளியில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். நட்சத்திரத்திலும் அதையே செய்திருக்கிறார்கள். அயினின் உள்ளே கொதிக்கும் வாயு மேலும் கீழும் புரளும்போது அந்த முழுப் பந்தும் மணி போல அதிர்கிறது, ஓர் அதிர்வுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மேற்பரப்பு ஏறி இறங்குவது விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில், நாம் நடந்து போகிற மாதிரி. 2017இல் கெப்ளர் விண்தொலைகாட்டி ரிஷபத்தின் பக்கம் திரும்பியிருந்தபோது இந்த அதிர்வில் ஒளி கூடிக் குறைவதைப் பிடித்தது, டெனரீஃப் தீவில் இருக்கும் சாங் என்ற தொலைகாட்டி அந்த ஏறி இறங்கும் வேகத்தையே நிறமாலையில் அளந்தது. பந்து சின்னதும் இறுக்கமுமாக இருந்தால் சட்டுச்சட்டென்று அதிரும், ஊதிப்போய் இருந்தால் நிதானமாக அதிரும், அதிலிருந்து திணிவு. 2007இல் சூரியனைப்போல் 2.7 மடங்கு என்று சொல்லியிருந்தது, அதிர்வைக் கேட்ட பிறகு 2.5 பக்கம் இறங்கியது. 150 ஒளியாண்டு தூரத்திலிருந்து ரோலர் சத்தம் கேட்டு எடை சொல்வது!

2007 என்றதும் இன்னொன்று. அந்த வருடம்தான் ஜப்பானின் ஒகயாமா ஆய்வகத்தில் இதற்கு ஒரு கோள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், குறைந்தது ஏழரை வியாழன் பாரம், சுற்றி வர 595 நாள். இப்படிச் சேர்ந்து பிறந்த நட்சத்திரக் கூட்டம் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கோள் அது. 2015இல் அதற்கு அமதெரு என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது இது ஏன் இப்படி ஊதிப்போனது என்று. அயின் பிறந்து 60 கோடி ஆண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. சூரியனுக்கு 460 கோடி. வயதில் சூரியன் எவ்வளவோ மூத்தது, ஆனால் சூரியன் இன்னும் நடுவயதில் இருக்கிறது, அயின் கிழவனாகிவிட்டது. பாரமான நட்சத்திரம் தன் விறகை வேகமாக எரித்துவிடும். பிறந்த காலத்தில் அயின் நீலம் பாய்ந்த வெள்ளையாக, பத்தாயிரம் பாகைக் கணக்கில், இன்றைக்கு நாம் பார்க்கும் சிரியஸ் போல, அதைவிடச் சற்றுப் பாரமாக எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். நடுவில் ஐதரசன் ஈலியமாக மாறிக்கொண்டே வந்து, ஒரு நாள் நடுவில் ஐதரசன் தீர்ந்துபோனது. விறகுக் குவியலின் நடு எரிந்து சாம்பலானதும் நெருப்பு வளையமாக வெளியே நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான், நடுவில் ஈலியச் சாம்பல், அதைச் சுற்றி ஐதரசன் எரியும் வளையம். எரிய ஒன்றும் இல்லாத நடுக்கரு தன் பாரத்திலேயே சுருங்கிச் சூடேற, வெளிப்புறம் வீங்கிக் குளிர்ந்து மஞ்சளாகிச் சிவக்கத் தொடங்கியது. அடுப்புக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதற்கு அப்புறம் வருகிறது. கரு 10 கோடி பாகையைத் தொட்டதும் அந்தச் சாம்பலே தீப்பிடித்துக்கொள்கிறது! மூன்று ஈலியம் சேர்ந்து காபன், காபனோடு இன்னொரு ஈலியம் சேர்ந்து ஒட்சிசன். அயின் இப்போது அந்தச் சாம்பலை எரித்துத்தான் ஓரளவு நிதானமாக நிற்கிறது. கவட்டையில் இருக்கும் காமா, டெல்டா, தீட்டா ஒன்று ஆகிய மூன்றும் அதே நிலையில் இருக்கிற கூடப்பிறந்தவைதான், நான்கும் ஏறக்குறைய ஒரே மஞ்சள். இவற்றைவிடப் பாரமாகப் பிறந்த சிலது ஏற்கெனவே தோலை உதறிவிட்டு, கரு மட்டும் மிஞ்சிய பூமி அளவு வெண்குறுமீன்களாக அதே கூட்டத்துக்குள் கிடக்கின்றன, அயினும் ஒரு நாள் அங்கேதான் போய்ச் சேரும்.

60 கோடி என்ற எண்ணை முதலில் படித்தபோது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. நம் மலையகத்துப் பாறை! மத்திய மலைநாடு முழுக்கக் கிடக்கும் பாறைகளை நிலவியலாளர்கள் உயர்நிலத் தொகுதி என்பார்கள். அதில் படிந்த மண்ணும் மணலும் 60 கோடியைவிட மிகப் பழையது, ஆனால் அவை பூமியின் அடியில் அழுந்தி, 800 பாகைக்கு மேல் வெந்து, இன்றைக்கு நாம் பார்க்கும் கடும் பாறையாக மாறியது கொண்டுவானா பெருங்கண்டத்தின் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிய காலத்தில், சுமார் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன். பாறைக்குள் இருக்கும் சேர்கன் என்ற கனிமத்தின் மணிகளை வைத்து அந்தக் காலத்தைக் கணிக்கிறார்கள். அயினும் அதன் கூட்டமும் ஒரு வாயு மேகத்திலிருந்து பிறந்து, கண் கூச வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த அதே யுகத்தில், எங்கள் பெக்டரி அத்திவாரக் கல் பூமிக்கடியில் அடுப்புச் சிவப்பில் கிடந்தது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் அந்தக் கரும்பாறை ஒன்று வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டுதான் நான் அயினைப் பார்ப்பது. பாறை குளிர்ந்துவிட்டது, அது இன்னும் எரிகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மே கடைசியில் சூரியன் இந்தக் கூட்டத்தின் திசைக்கு வந்துவிடும், அப்போது பார்க்க வழியில்லை. ஆனால் 1919 மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம் வந்தபோது சூரியன் சரியாக இந்த ஹயாடீஸுக்கு முன்னால்தான் நின்றது. பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் படம் பிடித்து, சூரியனுக்குப் பக்கத்தால் வந்த இந்த நட்சத்திரங்களின் ஒளி வளைந்திருப்பதை அளந்து, ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று காட்டினார்கள். மறுகண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் நடந்த காரியம்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவை மறுபடியும் வெளியே கூட்டி வந்தேன். சால்வையைத் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு லயத்து வாசலில் நின்றார். நீங்களும் பார்க்க வேண்டுமென்றால் வாசல் லைட்டை அணைத்துவிட்டு, டோர்ச், போன் எதையும் பார்க்காமல் ஒரு பத்து நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள், நிலா பெரிசாக இருக்கிற நாளில் வேண்டாம். முதலில் ரோகிணியைப் பிடியுங்கள், அங்கேயிருந்து கவட்டையின் அடிக்கு இறங்கி, மற்றப் பக்கமாக ஏறினால் நுனியில் அது. அம்மா ஏறிப் போய்ப் பிடித்துவிட்டார். "இதுதானா, நீ சொன்ன கிழவன்?" என்றார். ஆமா என்றேன். மிஸ்ட் வந்து மூடும் வரைக்கும் இரண்டு பேரும் நின்றோம்.